வல்லாரையும் வெல்லாரினும்: ஒரு காய மருந்தின் கதை

முகப்பூச்சு விற்கும் கடைகளில் சில வருடங்களாக 'சிகா' என்ற சொல் நிறையக் கண்ணில் படுகிறது. பச்சை நிறப் பெட்டி, கொரிய நிறுவனத்தின் பெயர், விலையும் கொஞ்சம் அதிகம். அந்தப் பெட்டியைத் திருப்பி, பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை வாசியுங்கள். 'சென்டெல்லா ஏசியாட்டிக்கா' என்று இருக்கும். அது வேறொன்றுமில்லை, நம்முடைய வல்லாரைதான். தேங்காய்ப்பூவும் பச்சை மிளகாயும் வெங்காயமும் சேர்த்து வீட்டில் சம்பல் போடுகிறார்களே, அதே இலை.

'எங்கள் மருந்தைத் திருடி எங்களுக்கே விற்கிறார்கள்' என்று இதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக எழுதி நாலு பேருக்கு அனுப்பிவிடலாம். ஆனால் உண்மையில் நடந்த கதை அதைவிடச் சுவையானது. மொரீஷியஸ், புதுச்சேரி, சென்னை, மடகாஸ்கர் என்று அது ஊர் ஊராகப் போகிறது. நடுவில் ஒரு தமிழ்ச் சொல் பிரெஞ்சு வேதியியலுக்குள்ளும் நுழைகிறது.

புதுச்சேரியில் பிறந்த பெயர்

1852இல் மொரீஷியஸ் தீவில் புவாலோ என்ற மருத்துவர் வல்லாரை தொழுநோய்க்கு உதவுகிறது என்று எடுத்துச் சொன்னார். இது அப்போது எவ்வளவு பெரிய செய்தி என்பதை நாம் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். தொழுநோய்க்கு மருந்து இல்லை. அது ஒரு கிருமியால் வருகிறது என்பதே தெரியாது. நோர்வேயில் ஆர்மவர் ஹன்சன் அந்தக் கிருமியைக் கண்டது 1873இல்தான். நோய் வந்தவர்களை ஊரைவிட்டு ஒதுக்கி வைப்பதே பல இடங்களில் நடந்தது. அந்த நேரத்தில் ஒரு சிறு கீரை குணப்படுத்தும் என்றால் யார்தான் ஆசைப்பட மாட்டார்கள்?

புதுச்சேரி அன்று பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. அங்கே வேலை செய்த லெப்பின் என்ற பிரெஞ்சு மருந்தாளர் வல்லாரையை ஆராய்ந்து 1855இல் முடிவுகளை வெளியிட்டார். இலையிலிருந்து எண்ணெய் போன்ற ஒரு பொருளை அவர் பிரித்தெடுத்தார். பச்சை வல்லாரையின் மணமும் சுவையும் அதில் இருந்தன. காய்ந்த செடி 100 கிராம் எடுத்தால் 0.8 முதல் 1 கிராம் வரை கிடைக்கும் என்று கணக்குச் சொன்னார். செடியின் மருந்துக் குணம் இதில்தான் இருக்கிறது என்று நம்பி, அதற்கு 'வெல்லாரின்' என்று பெயர் வைத்தார். வல்லாரை என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து எடுத்த பெயர் அது. செடிக்கு ஏற்கெனவே ஒரு லத்தீன் பெயர் இருந்தும் அவர் தமிழ்ப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டார்.

பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அந்தப் பொருள் நிலைக்கவில்லை. 1874இல் வெளிவந்த 'ஃபார்மகோகிராஃபியா' என்ற புகழ்பெற்ற மருந்தியல் நூலில் ஃப்ளூக்கிகரும் ஹான்பரியும் வெல்லாரினைக் குறிப்பிடுகிறார்கள். அறியப்பட்ட எந்த வேதியியல் வகையிலும் அதைச் சேர்க்க முடியவில்லை என்றும் சொல்கிறார்கள்.

சென்னையில் வைத்த பரீட்சை

அதே 1855ஆம் ஆண்டு காலத்தில் சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற அறுவை மருத்துவர் இதைத் தொழுநோயாளர்களிடம் சோதித்துப் பார்த்தார். இன்று சென்னை அரசு கவின்கலைக் கல்லூரியாக இருக்கும் ஓவியப் பள்ளியை 1850இல் தொடங்கியவரும் இவரேதான்.

அவருடைய முடிவு ஆசைப்பட்டவர்களுக்கு ஏமாற்றமாக இருந்தது. தொழுநோயைக் குணமாக்கும் தனி மருந்து என்று வல்லாரையைச் சொல்ல முடியாது. ஆனால் நோயாளியின் துன்பம் குறைகிறது, உடல்நிலை தேறுகிறது என்று அவர் எழுதினார். 1868இல் வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூலில் வல்லாரை இடம்பெற்றது. ஆறாத புண்களுக்கும் தோல் நோய்களுக்கும் உள்ளே கொடுக்கவும் வெளியே பூசவும் அது பயன்படும் என்று அந்த நூல் சொன்னது.

கவனித்தீர்களா? எல்லோரும் கேட்ட கேள்வி தொழுநோயைப் பற்றியது. செடி கொடுத்த பதிலோ புண்ணைப் பற்றியது. அந்தப் பதிலை ஆராய்ச்சி சரியாகப் புரிந்துகொள்ள இன்னும் பல பத்தாண்டுகள் எடுத்தன.

1941: இரண்டு கண்டுபிடிப்புகள்

1941இல் இரண்டு விடயங்கள் நடந்தன. அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், கார்வில் தொழுநோய் மருத்துவமனையில், கை ஃபேஜெட் என்ற மருத்துவர் சல்போன் வகை மருந்தைக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார். அது கிருமியை எதிர்த்து வேலை செய்தது. தொழுநோய்க்கான உண்மையான மருத்துவம் அங்கிருந்து வளர்ந்தது. அதே ஆண்டு மடகாஸ்கரில் பொந்தெம் என்பவர் வல்லாரையிலிருந்து ஒரு தூய சேர்மத்தைப் பிரித்தெடுத்தார். அதன் பெயர் ஏசியாட்டிகோசைட். லெப்பின் தேடியது 86 ஆண்டுகள் கழித்து வேறொரு தீவில் கிடைத்தது.

கிருமியைக் கொல்ல சல்போன் வந்துவிட்ட பிறகு வல்லாரைக்கு என்ன வேலை? இதற்குப் பதில் வேலூரில் இருக்கிறது. 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர், தொழுநோயாளர்களின் விரல்கள் ஏன் அழிகின்றன என்று ஆராய்ந்தார். நோய் சதையை நேராகத் தின்பதில்லை. அது நரம்பைத் தாக்கி வலியை இல்லாமல் செய்கிறது. வலி இல்லாததால் சூடான பாத்திரம் சுட்டாலும் ஆணி குத்தினாலும் தெரிவதில்லை. அந்தச் சிறு காயங்கள் கவனிக்கப்படாமல் பெரிய புண்ணாகின்றன. அதனால் கிருமி ஒழிந்த பிறகும் புண் ஒரு தனிப் பிரச்சினையாகவே இருந்தது.

மடகாஸ்கரின் ரக்கோத்து ரட்சிமமங்கா என்ற விஞ்ஞானியும் பியேர் புவாத்தோ என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளரும் இந்தப் பக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். தொழுநோயிலும் தோல் காசநோயிலும் வரும் ஆறாப் புண்களை ஏசியாட்டிகோசைட் ஆற்றுவதைப் பற்றி 1956இல் அவர்கள் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டு ரட்சிமமங்கா அந்தனானரிவோவில் மூலிகை ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். வல்லாரைச் சாறு 'மடெகசோல்' என்ற காய மருந்தாகப் பிரான்சில் விற்பனைக்கு வந்து, பிறகு கொரியாவிலும் வீட்டுக்கு வீடு தெரிந்த களிம்பானது. 'மடெகாஸ்' என்பது மடகாஸ்கர் மக்களைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல். இம்முறை பெயர் அந்தத் தீவுக்குப் போனது.

காயத்துக்குள் என்ன நடக்கிறது?

தோல் கிழிந்தால் உடல் அதை கொலாஜன் என்ற புரதத்தால் தைக்கிறது. கொலாஜனை உண்டாக்கும் உயிரணுக்களின் பெயர் ஃபைப்ரோபிளாஸ்ட். 1990இல் பிரான்சின் ரெய்ம்ஸ் நகரில் மக்காரும் அவருடைய குழுவினரும், வல்லாரைச் சாறு சேர்த்தால் இந்த உயிரணுக்கள் அதிகக் கொலாஜன் உண்டாக்குகின்றன என்று காட்டினார்கள்.

1999இல் இந்தியாவில் லக்னோ நகரத்து மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கினிப்பன்றிகளின் காயங்களில் 0.2% ஏசியாட்டிகோசைட் கரைசலைப் பூசியது. கொலாஜனின் அளவைக் காட்டும் ஹைட்ராக்சிபுரோலின் 56% கூடியது. ஆறிய தோலின் இழுவலிமை 57% கூடியது. பொறியியல் படித்த எனக்கு இந்தக் கடைசி எண்ணைப் பார்த்ததும் சந்தோஷமாக இருந்தது. ஓர் இரும்புக் கம்பி எவ்வளவு இழுத்தால் அறும் என்று நாங்கள் சோதிப்போம். அதே கேள்வியை அவர்கள் ஆறிய தோலிடம் கேட்டிருக்கிறார்கள்.

மனிதர்களிடமும் சோதனைகள் நடந்திருக்கின்றன. 2010இல் தாய்லாந்தில் வெளியான ஓர் ஆய்வில், காயமுள்ள 200 நீரிழிவு நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். வல்லாரை மாத்திரை எடுத்த குழுவில் காயம் நன்றாகச் சுருங்கியது. நல்ல அறிகுறிதான். ஆனால் ஓர் ஆய்வை வைத்து எல்லாம் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விழுந்து முழங்காலில் காயம் என்றால் வல்லாரையை அரைத்து வைக்காதீர்கள். அது ஈர நிலத்தில் வளரும் செடி; மண்ணும் கிருமியும் சேர்ந்தே வரும். சிலருக்குத் தோல் ஒவ்வாமையும் வரலாம். மண்ணையும் பருவத்தையும் பொறுத்து இலையில் இருக்கும் மருந்தின் அளவும் மாறும். அதனால்தான் மருந்துக்கான சாற்றை ஏசியாட்டிகோசைட் 40%, ஏசியாட்டிக் அமிலம் சுமார் 30%, மடெகாசிக் அமிலம் சுமார் 30% என்று அளந்து செய்கிறார்கள்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

ஊர் மருத்துவம் பற்றிப் பேச்சு வந்தால் நம்மில் இரண்டு கட்சி. 'முன்னோர் எல்லாம் தெரிந்து வைத்திருந்தார்கள்' என்பது ஒன்று. 'அதெல்லாம் சும்மா பாட்டி வைத்தியம்' என்பது மற்றது. வல்லாரையின் கதையில் இரண்டு கட்சியும் தோற்கின்றன. தொழுநோய் என்ற பரீட்சையில் அந்தச் செடி தேறவில்லை. காயம் என்ற பரீட்சையில் தேறியது. யாராவது சோதித்துப் பார்த்து, கிடைத்த முடிவு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எழுதி வைத்ததால்தான் இரண்டும் நமக்குத் தெரிகிறது. ஹன்டர் தன் முடிவை மறைத்திருந்தால், நோயாளிகள் இன்னும் பல வருடம் கீரையை மட்டும் நம்பியிருப்பார்கள்.

அதனால் உங்களிடம் ஒரு வேலை கேட்கிறேன். அடுத்த முறை அம்மம்மாவோடோ அப்பம்மாவோடோ பேசும்போது, ஊரில் காயத்துக்கு என்ன வைத்தார்கள் என்று கேளுங்கள். பதிலை முழுதாக எழுதுங்கள். எந்தச் செடி, இலையா வேரா, பச்சையாகவா காயவைத்தா, வெட்டுக் காயத்துக்கா ஆறாத புண்ணுக்கா, எத்தனை நாள் கட்டினார்கள், எப்போது பலிக்கவில்லை. கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். அவர்கள் சொல்லும் செடியின் பெயரை, அவர்கள் சொன்ன மாதிரியே தமிழில் எழுதி வையுங்கள்.