சைக்கிள் கூடையும் பக்கப்பையும்
சைக்கிளில் சுமையேற்ற, ஹேண்டில்பாரின் முன் மாட்டும் கூடையும் பின்கேரியரின் இருபுறமும் தொங்கும் பக்கப்பையும் பயன்படுகின்றன. முன்கூடை காய்கறிக்கும் பள்ளிப்பைக்கும் வசதி; எடை கூடினால் ஹேண்டில் தடுமாறும், ஸ்டாண்டு போட்டதும் முன்சக்கரம் மடங்கும். கனமான பொருளுக்குப் பக்கப்பையே ஏற்றது, சுமை தாழ்ந்து நிற்பதால். இருபக்கமும் எடை ஒத்திருக்க வேண்டும். வாங்குமுன் பெடலில் கால் வைத்துச் சுற்றி, குதிகால் இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். இடித்தால் கொக்கிகளைப் பின்னுக்குத் தள்ளி மாட்டலாம். கீழ்க்கொக்கி கேரியர் கம்பியைக் கவ்வாவிட்டால் பள்ளத்தில் குலுங்கும் பை ஸ்போக்ஸில் சிக்கும். இதில் அலட்சியம் கூடவே கூடாது. கேரியரின் எடை வரம்பு, பலவற்றில் 25 கிலோ, பையின் எடையும் சேர்ந்ததே. நீர்புகாப் பைகளுக்குப் பெயர்பெற்ற ஜெர்மனியின் ஓர்ட்லீப் நிறுவனம் 1982இல் தொடங்கியது. லாரித் தார்ப்பாயே அதன் முதல் பைகளுக்கு மூலப்பொருள்.