வேர் சிகிச்சை எதிர்ப்பு

அழுகிய பற்கூழை அகற்றி, வேர்க்குழாயைச் சுத்தம் செய்து அடைக்கும் ரூட் கேனால் சிகிச்சை உடலெங்கும் நோய் பரப்புகிறது என்னும் கருத்து. 'முழுமைப் பல் மருத்துவர்' சிலர் இன்றும் இதை முன்வைக்கின்றனர்.

1910இல் மாண்ட்ரியல் மெக்கில் பல்கலைக்கழகத்தில் மருத்துவர் வில்லியம் ஹன்டர் ஆற்றிய உரை, வாய்த்தொற்றே பல நோய்களுக்கு மூலம் என்றது. கிளீவ்லாந்தின் பல் மருத்துவர் வெஸ்டன் பிரைஸ், வேர் சிகிச்சை செய்த பற்களை முயல்களின் தோலடியில் வைத்துச் சோதித்து, அவை நோய் பரப்புவதாக 1923இல் நூல் வெளியிட்டார். இக்கொள்கையின் கொடிய விளைவு நியூ ஜெர்சியின் ட்ரென்டன் மனநல மருத்துவமனையில் நேர்ந்தது: மனநோய் தீரும் என்று நம்பி மருத்துவர் ஹென்றி காட்டன் நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், குடல்களையும் அறுத்தார், பலர் இறந்தனர்.

பிரைஸின் முடிவுகள் பிந்தைய சோதனைகளில் நிலைக்கவில்லை. அவர் சோதித்த பற்களில் பிடுங்கும்போதே கிருமி தொற்றியிருக்கக்கூடும். ஆயினும் 1993இல் பல் மருத்துவர் ஜார்ஜ் மைனிக்கின் நூல் அந்த அச்சத்தை மீண்டும் கிளப்பியது. பல்லைப் பிடுங்குவதாலும் கிருமிகள் இரத்தத்தில் கலக்கின்றன என்பதை எதிர்ப்பாளர்கள் பேசுவதில்லை.

கூழ் உயிரோடிருந்தால் அதன் ஒரு பகுதியையேனும் காக்கும் சிகிச்சை உண்டு. இல்லையெனில் மாற்றுவழி, பல்லை எடுத்துவிட்டுப் பாலமோ உள்வைப்போ பொருத்துவதே. சிலர் மாற்றாகச் சொல்லும் ஓசோனோ மூலிகையோ இறந்த கூழை உயிர்ப்பிக்காது. முகவீக்கமும் காய்ச்சலும் கண்டால் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.