வகுப்பாயிடையின் வரலாறு

இலண்டன் மாநகரில் துணி வணிகராக விளங்கிய யோன் கிறாண்ற், மரணப் பதிவுகளை ஆராய்ந்து 1662ஆம் ஆண்டில் ஒரு நூலை வெளியிட்டார். பிறக்கும் நூறு குழந்தைகளுள் 36 பேர் ஆறு வயது நிரம்புமுன் இறப்பர் என்றும், அடுத்த பத்து ஆண்டுகளில் 24 பேர் இறப்பர் என்றும் அதில் மதிப்பிட்டார். சிதறிக் கிடந்த எண்களைத் தொகுதிகளாக வகுத்து நோக்கும் முறைக்கு இது பழைய சான்றுகளுள் ஒன்றாகும். இத்தகைய தொகுதியொன்றின் அகலமே வகுப்பாயிடை எனப்படும்.

வகுத்து நோக்குவதால் மறைந்து கிடக்கும் உண்மை வெளிப்படுவதுண்டு. பெல்ஜிய நாட்டு வானியலறிஞர் அடொல்ப் குவெற்றலே, பிரெஞ்சுப் படைக்கு அழைக்கப்பட்ட ஒரு இலட்சம் இளைஞரின் உயரங்களை ஆராய்ந்தார். 1.57 மீற்றரிலும் குறைந்தோர் படைச்சேவையினின்று விலக்கப்பட்டனர். அவ்வெல்லைக்குக் கீழே, எதிர்பார்த்ததைவிட ஏறத்தாழ 2000 பேர் மிகுந்திருந்தனர். எல்லையை அடுத்து மேலே உள்ள வகுப்புகளில் ஆட்கள் குறைந்திருந்தனர். சேவைக்கு அஞ்சியோர் குள்ளராகப் பதியப்பட்டனர் என்று அவர் முடிவு செய்தார்.

அதே முறை பொய்யையும் தோற்றுவித்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லூயி அடொல்ப் பெர்த்தியோன் என்னும் பிரெஞ்சு மருத்துவர், பிரான்சின் கிழக்கெல்லையிலுள்ள டூ மாவட்டத்து இளைஞரின் உயரங்களை வகுத்தபோது, வரைபில் ஒரு முகட்டுக்குப் பதிலாக இரண்டு முகடுகள் தோன்றின. கெல்ற்றியர், பேர்கண்டியர் ஆகிய இரு இனத்தவர் அங்கே கலந்து வாழ்வதே இதற்குக் காரணம் என அவர் விளக்கினார். அறிஞர் பலர் அதனை ஏற்றனர்.

இத்தாலியப் படை மருத்துவர் றொடொல்போ லிவி, 1896இல் வெளியான தமது நூலில் அக்கருத்தை மறுத்தார். அளவைகளை ஓர் அலகிலிருந்து மற்றோர் அலகுக்கு மாற்றி, எண்களை முழுமையாக்கியதன் விளைவே இரண்டாம் முகடு என அவர் காட்டினார். இத்தகைய பிழை நிகழும் விதம் எளிதில் விளங்கும். ஓர் அங்குலம் இரண்டு சென்ரிமீற்றரிலும் பெரிது; மூன்றிலும் சிறிது. முழுச் சென்ரிமீற்றரிற் குறித்த உயரங்களை அங்குல வகுப்புகளில் இட்டால், சில வகுப்புகள் மூன்று சென்ரிமீற்றர் அளவுகளைப் பெறும். சில இரண்டையே பெறும். இரண்டு பெற்ற வகுப்பு பள்ளமாகத் தாழ, அதன் இருபுறமும் முகடுகள் எழும். அளவுகோலின் குறை மக்களினத்தின் வரலாறாகிவிடும்.

இதனைத் தவிர்க்கும் நெறிகள் பின்னர் வகுக்கப்பட்டன. காள் பியேர்சன் பெயரிட்ட வலையுருவரையத்தில், நிரலின் உயரமன்று, பரப்பளவே மீடிறனைக் குறிக்கும். கிறாண்றின் கணக்கையே அவ்வாறு நோக்குக. முதல் வகுப்பு ஆறு ஆண்டு அகலமுடையது. ஆண்டொன்றுக்கு 6 பேர். அடுத்தது பத்து ஆண்டு, ஆண்டொன்றுக்கு 2.4 பேர். 36உம் 24உம் உணர்த்துவதைவிடக் குழந்தைப் பருவத்தின் துயரம் எத்துணைப் பெரிது என்பது அப்போதே புலப்படும். எத்தனை வகுப்புகள் வேண்டும் என்பதற்கு அமெரிக்கராகிய ஸ்ரேர்ஜஸ் 1926இல் ஒரு விதி தந்தார்; அதன்படி ஆயிரம் தரவுகளுக்கு ஏறத்தாழ 11 வகுப்புகள் போதும்.

எனினும் விதி மட்டும் காவலாகாது. மனிதரைப் பற்றிய முடிவொன்றை வரைபிலிருந்து எடுக்குமுன், வகுப்பாயிடையைச் சற்று மாற்றி மீண்டும் வரைந்து பார்த்தல் வேண்டும். அப்போதும் நிலைத்து நிற்கும் முகட்டையே ஆராய்ச்சிக்குரியதாகக் கொள்ளலாம்.