ஸ்டாம்ப் சைஸ் படம், பின்பக்கத்தில் ஒரு டிவி

போட்டோ எடுக்கிற கருவி என்று பார்த்தால் கேசியோ க்யூவி-10-க்கு நான் பாஸ் மார்க் போட மாட்டேன். ஆயுசில் பாதியை ஸ்டுடியோவின் சிவப்பு விளக்கடியில் கழித்தவன் என்பதால் தயங்காமல் சொல்கிறேன். அது தரும் படம் 320-க்கு 240 புள்ளி. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று கணக்குப் போட்டு பிரிண்ட் எடுத்தால் 2.7 சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் வரும். பாஸ்போர்ட் சைஸுக்கே தேறாது. விண்ணப்பத்தில் ஒட்டுகிற ஸ்டாம்ப் சைஸ்தான். கொஞ்சம் பெரிதாக்கினால் மூக்கும் உதடும் கட்டம் கட்டமாக உடைந்துவிடும்.

அப்படியும் என் அலமாரியில் பழைய யாஷிகாவுக்கும் ரோலிஃப்ளெக்ஸுக்கும் நடுவில் அதற்கு இடம் கொடுத்திருக்கிறேன். ஜப்பானில் வேலை பார்த்த என் மைத்துனர் ஊருக்கு வந்தபோது கொண்டுவந்தது. கையில் எடுத்தால் தடித்த பென்சில் பாக்ஸ் மாதிரி இருக்கும். பேட்டரி போடாமல் எடை 190 கிராம். இடது பக்கம் லென்ஸ் இருக்கிற பகுதி மட்டும் தனியாக 270 டிகிரி சுழலும். ஃபோகஸ் செய்ய வளையம் கிடையாது. வெளிச்சத்துக்கு இரண்டே நிலைகள், எஃப்2, எஃப்8. வெயிலா நிழலா என்று பார்த்து நாமே தள்ளிக்கொள்ள வேண்டும். ஃபிளாஷ் இல்லை. கண்ணை வைத்துப் பார்க்கிற ஓட்டையும் இல்லை. அந்த வேலையைப் பின்பக்கத்தில் இருக்கும் 1.8 அங்குல வண்ணத் திரை பார்த்துக்கொள்கிறது. எடுக்கும் முன் காட்சி அதில் தெரியும், எடுத்தவுடன் படமும் அதிலேயே தெரியும். பொதுமக்களுக்கென்று விற்ற டிஜிட்டல் கேமராக்களில் இப்படித் திரையோடு வந்தது இதுதான் முதல். 1995 மார்ச்சில் ஜப்பானில் கடைக்கு வந்தது. விலை 65,000 யென்.

இதைச் செய்தது நிக்கானோ கேனானோ அல்ல, கால்குலேட்டரும் கைக்கடிகாரமும் விற்கிற கம்பெனி. எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. கேமராக்காரர்கள் கேமராவைத்தான் செய்வார்கள். கேசியோ 1983-லிருந்தே பாக்கெட்டில் வைக்கிற குட்டி டிவி விற்றுவந்தது. சின்னத் திரை அவர்கள் வீட்டுச் சரக்கு.

அதற்கு முன்னால் ஒரு தோல்வி உண்டு. 1987-ல் விஎஸ்-101 என்று ஒன்றை இறக்கினார்கள். பிலிம் இல்லாமல் சின்ன ஃபிளாப்பியில் பதிகிற கேமரா. ஆனால் டிஜிட்டல் இல்லை, வீடியோ சிக்னலாகப் பதிவது. ஓடுகிற படமே எடுக்கிற கேம்கார்டர் பக்கத்துக் கடையில் இருக்கும்போது, டிவியில் நின்ற படம் பார்க்க யார் பணம் கொடுப்பார்கள்? சரக்கு தேங்கியது. அதில் வேலை செய்த எஞ்சினியர் ஹிரோயுகி சுஎதகா விடவில்லை. அடுத்து டிஜிட்டலில் சோதனை மாதிரிகள் செய்து பார்த்தார்கள். தூக்கினால் கை வலிக்கிற கனம். உள்ளே சூடு தாங்காமல் விசிறி வைக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரிகளுக்குக் 'கனத்தவள்', 'சுடுகிறவள்' என்று பெண் பெயர் வைத்துக் கிண்டலடித்தார்களாம். எந்த ஊர்ப் பட்டறையானாலும் ஆண்களின் கிண்டல் இப்படித்தான் போகிறது.

ஒருமுறை சூடுபட்ட மேலிடத்தில் மறுபடியும் 'கேமரா' என்று போய் நிற்க முடியாது. அதனால் கேமரா வைத்த கைடிவி என்று திட்டத்தை முன்வைத்தார்கள். வேலை நடக்க நடக்க, விலையை இறக்குவதற்காக டிவி பார்க்கும் வசதியைக் கழற்றிவிட்டார்கள். திரை மட்டும் தங்கிவிட்டது. இந்தச் சாமர்த்தியம் இல்லாவிட்டால் அந்தத் திரை வேறு யார் கையிலாவது, இன்னும் சில வருஷம் கழித்துத்தான் பிறந்திருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க, 1994-ல் அமெரிக்காவில் வந்த ஆப்பிள் குவிக்டேக் 100 இருக்கிறது. 640-க்கு 480 புள்ளி. படத்தின் தரத்தில் க்யூவி-10 அதன் பக்கத்தில் நிற்காது. ஆனால் அந்தத் தரத்தில் எட்டுப் படம்தான் கொள்ளும். விழுந்த படம் சரியா என்று பார்க்கக் கம்ப்யூட்டருக்குத்தான் போக வேண்டும். வீட்டுக்குப் போய்த்தான் தெரியும் என்றால் அதற்குப் பிலிமே தேவலை.

க்யூவி-10-ன் உள்ளே இருந்த நினைவகம் 2 எம்பி. அதில் 96 படம். ஒரு படத்துக்கு இருபது கேபி சொச்சம். கண் மூடியிருந்தால் அங்கேயே அழித்துவிட்டு இன்னொன்று எடுக்கலாம். எங்கள் பிழைப்பே "நாளைக்கு வாங்க" என்ற வார்த்தையில் ஓடியது. 36 படம் முடிந்து, ரோல் கழுவி, காய்ந்த பிறகுதான் மாப்பிள்ளை கண்ணை மூடியிருந்தது எங்களுக்கே தெரியும். தாலி கட்டியதை மறுபடி கட்டச் சொல்ல முடியுமா?

குறைகளை மறைக்க வேண்டாம். பின்விளக்குப் போட்ட அந்தத் திரைதான் இதன் பெரிய எமன். நாலு பென்சில் பேட்டரியையும் மளமளவென்று தின்றுவிடும். வெளியில் வெயிலில் நின்றால் திரையில் ஒன்றும் தெரியாது. வீட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்தால் ஒரே புள்ளிப் புள்ளியாக வரும். மெமரி கார்டு போட இடம் கிடையாது. 96 நிறைந்தால் எதையாவது அழிக்க வேண்டும், அல்லது சீரியல் கேபிளைச் செருகிவிட்டுக் காத்திருக்க வேண்டும். படங்கள் கேசியோவின் சொந்த வடிவத்தில் இருக்கும். அவர்கள் மென்பொருள் இல்லாமல் திறக்காது.

நல்ல வேளைக்குப் பிறந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அதே 1995-ன் கடைசியில் ஜப்பானில் விண்டோஸ் 95 வந்தது. வீட்டுக்கு வீடு கம்ப்யூட்டர் நுழைந்தது, ஆளாளுக்கு ஹோம்பேஜ் போட ஆரம்பித்தார்கள். பிரிண்டுக்கு லாயக்கில்லாத 320-க்கு 240, அன்றைய 640-க்கு 480 திரையில் கால்வாசியை அடைத்துக்கொண்டு நன்றாகவே தெரிந்தது. இருபது கேபி படம் 28.8 மோடத்தில் ஆறேழு செகண்டில் வந்துவிடும். இதைவிடத் தெளிவான படம் அன்றைய டெலிபோன் லைனுக்குப் பாரம்தான். ஸ்டிக்கர் போட்டோ எடுக்கிற புரிகுரா பெட்டிகள் அங்கே வந்ததும் அதே வருஷம். தன் முகத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே படம் எடுக்கும் பழக்கம் இரண்டு வழியிலும் ஒரே நேரத்தில் தொற்றியது.

அந்தச் சுழலும் லென்ஸை நான் சும்மா சொல்லவில்லை. அதைத் தன் பக்கம் திருப்பினால், திரையைப் பார்த்தபடியே தன்னை எடுத்துக்கொள்ளலாம். செல்ஃபி என்று ஊர் சொல்வதற்குப் பல வருஷம் முன்பே இது கையில் இருந்தது. 1998-ல் நிக்கானும் கூல்பிக்ஸ் 900-ல் உடலையே இரண்டாகப் பிரித்துச் சுழலவிட்டது. கேசியோ அந்தப் புத்தியை மறக்கவில்லை. 2011-ல் வந்த டிஆர் வரிசையில் சட்டத்தைத் திருப்பி மடக்கித் தன்னையே எடுக்கும்படி செய்தார்கள். சீனத்து இளம்பெண்கள் அதை அதிக விலை கொடுத்து வாங்கினார்கள். அதற்குள் போனிலேயே முன்பக்கக் கேமரா வந்துவிட்டது. 2018-ல் கேசியோ கையடக்கக் கேமராத் தொழிலை மூடியது. கால்குலேட்டரும் கடிகாரமும் இன்னும் விற்கிறார்கள்.