சாக்கடையில் பிறக்கும் சுடர்

நீர் ஒரு பூதம் என்றனர். பிரிக்கவொண்ணாதது, பிறிதொன்றால் ஆகாதது என்றனர். ஏன் என்று கேட்டவனை ஏளனம் செய்தனர். இப்பிழை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் நீரை மூலப்பொருள்களுள் ஒன்றாகவே வைத்தார். ஐரோப்பா ஈராயிரம் ஆண்டுகள் அதனை நம்பிற்று. 1766இல் இங்கிலாந்தின் காவெண்டிஷ், எரியும் வாயு ஒன்றைத் தனியே பிரித்தறிந்தார். 1783இல் பிரான்சின் லவாய்சியர், அவ்வாயு எரிந்து நீராவதைக் காட்டினார்; நீரைப் பிறப்பிப்பது என்னும் பொருளில் ஹைட்ரஜன் எனப் பின்னர் பெயரும் சூட்டினார். 1800இல் நிக்கல்சனும் கார்லைலும் வோல்ட்டாவின் மின்கலக் கம்பிகளை நீரில் இட்டனர். இரு முனைகளிலும் இருவேறு வாயுக்கள் குமிழியிட்டன. பூதம் பிளந்தது! மந்திரத்தால் அன்று, மின்சாரத்தால்.

அதே குமிழிகளை இன்று தூத்துக்குடியில் காண்கிறோம். 2025 செப்டம்பர் 5, வ.உ.சி.யின் பிறந்தநாள். அவர் பெயர் தாங்கிய துறைமுகத்தில், மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன் தரும் முன்னோடி நிலையம் அன்று திறக்கப்பட்டது. துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குகளுக்கு அது ஒளி தரும். இக்கரைக்கு ஹைட்ரஜன் முற்றும் புதியதுமன்று. சாகுபுரத்து ஆலையில் உப்புநீரில் மின்சாரம் பாய்ச்சிக் காஸ்டிக் சோடா எடுக்கையில், குளோரினோடு ஹைட்ரஜனும் பல பத்தாண்டுகளாக வெளிவந்துகொண்டுதான் இருக்கிறது.

தோழர்களே, நாம் கேட்கவேண்டிய கேள்வி வேறு. எந்த நீரைப் பிளப்பது?

ஒரு கிலோ ஹைட்ரஜனுக்குக் கணக்குப்படி 9 லிட்டர் தூயநீர் வேண்டும். சுத்திகரிப்பில் கழிவதும் குளிரூட்டலுக்குச் செலவாவதும் சேர்த்தால் இருபது, முப்பது லிட்டராகும். தாமிரபரணியை நோக்கிக் கை நீளுமோ என்பதே நம் அச்சம். ஸ்ரீவைகுண்டம் அணையின் நீர் '20 எம்.ஜி.டி.' திட்டத்தின் பேரால் ஆலைகளுக்குச் சென்றதையும், கடைமடை உழவர் வாடியதையும், வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றதையும் இவ்வட்டாரம் மறக்கவில்லை.

ஆற்றைத் தொடவேண்டியதில்லை, சாக்கடை இருக்கிறது! சென்னைக் கோயம்பேட்டில் 2019 முதல் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கழிவுநீரைத் தூய்மையாக்கி ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் இயங்குகிறது. மென்படலத்தில் வடித்த அந்நீரில் எஞ்சும் உப்பையும் நீக்கினால் மின்பகுப்புக்கு உகந்ததாகும். அழுக்கோடு விட்டால் மின்வாய்கள் கெடும். இன்னொரு நயமும் உண்டு. ஒரு கிலோ ஹைட்ரஜனோடு 8 கிலோ ஆக்சிஜன் பிறக்கிறது. கழிவுநீரைத் தூய்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு மூச்சாக அதையே ஊட்டலாம். அந்நுண்ணுயிர்களில் சிலவற்றையே மின்வாயில் குடியேற்றி, குறைந்த மின்னழுத்தத்தில் ஹைட்ரஜன் எடுக்கும் வழியை 2005இல் அமெரிக்க, நெதர்லாந்து ஆய்வாளர்கள் கண்டனர். அது பெரும்பாலும் ஆய்வுக்கூட அளவிலேயே நிற்கிறது. உண்மையில் தட்டுப்பாடு நீரில் அன்று, மின்சாரத்தில். கிலோவுக்கு 50 யூனிட்டுக்கும் மேல் விழுங்கும். கயத்தாற்றுக் காற்றாலைகளும் வெயிலும் அதைத் தரவேண்டும்.

கழிவுநீர் என்றதும் முகம் சுளிப்போர் உண்டு. தீட்டு என்பர்! அத்தீட்டில் இறங்க மட்டும் ஒரு சாதியைப் படைத்து வைத்தனர். மனிதரை மலக்குழியில் இறக்குவதைத் தடுக்கும் சட்டம் 2013இல் வந்தது. 2020 ஜூலையில் இம்மாவட்டத்துக் கீழச்செக்காரக்குடியில் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய நால்வர் மூச்சடைத்து மாண்டனர். ஹைட்ரஜனுக்காகவேனும் கழிவுநீர் விலைபெறுமானால், குழாயும் இயந்திரமும் அதற்கு வந்தே தீரவேண்டும். மனிதனை இறக்கிவிட்டு நாளொன்றுக்குக் கோடி லிட்டர் எடுக்க எந்த முதலாளியாலும் இயலாது.

மூச்சடக்கி இறங்குவது இக்கரைக்குப் பழைய தொழில். கல்லைக் காலில் பற்றிக்கொண்டு பார்களில் மூழ்கிச் சிப்பி எடுத்தவனுக்கு, வெள்ளையர் ஆட்சியில் மூன்றிலொரு பங்கு, எஞ்சியது அரசுக்கு. இன்று தூத்துக்குடியில் ஹைட்ரஜனை அம்மோனியாவாக்கி ஜப்பானுக்குக் கப்பலேற்றும் திட்டங்கள் பேசப்படுகின்றன. அதில் இவ்வூருக்கு எத்தனை பங்கு?