வளர்ப்பு விலங்குகளுக்கான வீட்டு நச்சுக்கள்

வளர்ப்பு விலங்குகளுக்கான வீட்டு நச்சுக்கள் என்பன, வீடுகளில் அன்றாடம் பயன்படுவனவும் நாய், பூனை முதலிய விலங்குகளுக்குத் தீங்கு விளைவிப்பனவுமான உணவுகள், மருந்துகள், தாவரங்கள், வேதிப்பொருட்கள் ஆகும். கல்லீரல் நொதிகள் விலங்கினத்துக்கு விலங்கினம் வேறுபடுவதால், மனிதருக்கு ஏற்ற பொருள் பிற விலங்குகளுக்கு நஞ்சாகக்கூடும்.

உணவுகள்

வெங்காயம், பூண்டு ஆகியன நாய், பூனைகளின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குகின்றன. சமைத்தாலும் இத்தன்மை நீங்குவதில்லை. எனவே சாம்பார், குழம்பு கலந்த சோறு ஏற்ற உணவன்று. சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் நாய்களின் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் பாதிக்கிறது. திராட்சையும் உலர்திராட்சையும் நாய்களில் சிறுநீரகச் செயலிழப்பை ஏற்படுத்தலாம். இதற்குத் தார்த்தாரிக் அமிலமே காரணமாகலாம் என 2021இல் கால்நடை மருத்துவர்கள் முன்மொழிந்தனர். இவ்வமிலம் மிகுந்த புளியை உண்ட நாய்களிலும் இத்தகைய பாதிப்பு பதிவாகியுள்ளது.

மருந்துகள்

காய்ச்சலுக்கான பாராசிட்டமால் மாத்திரை பூனைகளுக்குக் கொடிய நஞ்சாகும். இம்மருந்தை மாற்றி வெளியேற்றும் நொதி பூனைகளில் மிகக் குறைவு. இதனால் உருவாகும் நச்சு விளைபொருட்கள் குருதியின் ஆக்சிசன் ஏந்தும் திறனைக் குறைக்கின்றன; ஈறுகள் பழுப்பு அல்லது நீல நிறமாகின்றன. ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை பூனையின் உயிரைப் பறிக்கக்கூடும். நாய்களுக்கான பெர்மெத்ரின் கலந்த உண்ணி மருந்தையும் பூனைகளுக்கு இடலாகாது.

தாவரங்கள்

அரளி, மஞ்சள் அரளி ஆகியவற்றின் எல்லாப் பகுதிகளும் இதயத்துடிப்பைச் சீர்குலைக்கும். அலங்காரச் செடியான சைக்கசு கல்லீரலைப் பாதிக்கும்.

வேதிப்பொருட்கள்

புரோமடியோலோன் கலந்த எலி மருந்து குருதி உறைதலைத் தடுக்கிறது. அறிகுறிகள் தோன்றச் சில நாட்கள் ஆவதால், விலங்கு நலமாக இருப்பதாகக் கருதிக் காத்திருத்தல் ஆபத்தானது. இதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாகும். துத்தநாக பாசுபைடு இரைப்பை அமிலத்துடன் சேர்ந்து பாசுபீன் வளிமத்தை வெளியிடுகிறது; வாந்தியிலிருந்து வெளிவரும் இவ்வளிமம் அருகிலுள்ள மனிதரையும் பாதிக்கும்.

வாகனக் குளிர்விப்பு நீர்மங்கள் பலவற்றில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவை உடையது. சிறிதளவே சிறுநீரகத்தை அழிக்கும். செம்பரம்பாக்கத்தை அடுத்த திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதி போன்று வாகனங்கள் மிகுந்த இடங்களில் தரையில் கசிந்த நீர்மத்தை உடனே கழுவித் துடைத்தல் வேண்டும்.

முதலுதவி

* எஞ்சிய நச்சுப்பொருளை அகற்றி, அதன் உறையை மருத்துவரிடம் எடுத்துச் செல்லவேண்டும்.
* உண்ட பொருள், அளவு, நேரம், விலங்கின் எடை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளவேண்டும்.
* மருத்துவர் கூறாமல் வாந்தி எடுக்க வைக்கலாகாது. உப்புக் கரைசல் தானே நஞ்சாகலாம். அமிலமும் மண்ணெண்ணெயும் மீண்டும் மேலேறுகையில் உணவுக்குழாயையோ நுரையீரலையோ புண்படுத்தும்.

சென்னை வேப்பேரியில் 1903இல் தொடங்கப்பட்ட சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் வளர்ப்பு விலங்குகளுக்குச் சிகிச்சை அளிக்கப்படுகிறது.

இவற்றையும் பார்க்கவும்

* நச்சியல்
* கால்நடை மருத்துவம்
* அரளி