எரிக் டெ கிளெர்க்

டெனோஃபோவிர் மாத்திரைக்குப் பின்னால் இரண்டு பேர் இருக்கிறார்கள். மூலக்கூறைக் கட்டியவர் ப்ராக் நகர வேதியியலர் அன்டோனின் ஹோலி. அது எந்த வைரஸை என்ன செய்யும் என்று கண்டு சொன்னவர் பெல்ஜியத்தின் எரிக் டெ கிளெர்க். எச்.ஐ.வி. மருந்துகளின் வரலாற்றை இந்த இருவரின் கூட்டாளித்தனத்தை விட்டுவிட்டு எழுத முடியாது.

டெ கிளெர்க் 1941-ல் டெண்டர்மொண்டெயில் பிறந்தார். லூவன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் முடித்து, அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் இன்டர்ஃபெரான் ஆய்வில் இரண்டாண்டுகள் கழித்தார். பிறகு லூவனின் ரெகா ஆய்வு நிறுவனத்திலேயே தங்கிவிட்டார். 1979-ல், ஆப்பிரிக்கத் தூக்க நோய்க்குத் தரப்படும் சுராமின் என்ற பழைய மருந்து, ரெட்ரோவைரஸ்கள் பெருகத் தேவையான ஒரு நொதியை முடக்குவதாக எழுதினார். எய்ட்ஸ் என்ற பெயரே அப்போது கிடையாது. 1984-ல் எச்.ஐ.வி.க்கு எதிராகச் சோதனைக் குழாயில் ஜெயித்த முதல் மருந்துகளில் சுராமினும் ஒன்று. நோயாளிகளிடம் நன்மையைவிட நச்சே அதிகம் தெரிந்ததால் கைவிடப்பட்டது.

ஹோலியை அவர் சந்தித்தது 1976-ல், ஜெர்மனியின் கோட்டிங்கனில் நடந்த ஒரு கருத்தரங்கில். இடையில் இரும்புத் திரை இருந்தும் ப்ராகிலிருந்து புதுப்புதுச் சேர்மங்கள் லூவனுக்கு வந்துகொண்டிருந்தன. அந்தக் காலத்து வைரஸ் மருந்துகளில் பல, செல்லுக்குள் போய் மூன்று பாஸ்பேட்டுகளை ஏற்ற பிறகே வேலை செய்யும். முதல் பாஸ்பேட்டை ஏற்றுவதிலேயே பல சிக்கிக்கொண்டன. ஹோலி அந்த முதல் படியை முன்கூட்டியே மூலக்கூறில் பொருத்தினார், அதுவும் செல்லின் நொதிகளால் வெட்ட முடியாத கார்பன்–பாஸ்பரஸ் பிணைப்பால். இப்படி உருவான மூலக்கூறுக் குடும்பத்தின் முதல் சேர்மத்தை 1986-ல் 'நேச்சர்' இதழில் இருவரும் அறிவித்தார்கள். அது ஹெர்பிஸ் போன்ற டி.என்.ஏ. வைரஸ்களுக்கானது. டெனோஃபோவிர் எச்.ஐ.வி.யைத் தடுப்பது 1993-ல் வெளியானது.

இந்தச் சேர்மங்களை எச்.ஐ.வி.க்கு எதிராக லூவனில் சோதித்த முறையைப் பார்த்தால் எளிமையாகத்தான் தோன்றும். 96 சிறு குழிகள் கொண்ட ஒரு பிளாஸ்டிக் தட்டு. குழிக்குக் குழி மனித டி செல்கள், வைரஸ், வெவ்வேறு அளவில் மருந்து. ஐந்து நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயத்தை விடுவார்கள். உயிரோடிருக்கும் செல்கள் அதை நீல ஊதாவாக்கும், செத்தவற்றால் முடியாது. நிறத்தைக் கருவி அளந்துவிடும். டெ கிளெர்க்கின் ஆய்வகத்தைச் சேர்ந்த ரூடி பாவெல்ஸும் சகாக்களும் 1988-ல் வெளியிட்ட இந்த முறையால் ஆயிரக்கணக்கான சேர்மங்களைச் சலிக்க முடிந்தது. பால் ஜான்சனின் மருந்து நிறுவனத்தோடு சேர்ந்து 1990-ல் அறிவித்த, எச்.ஐ.வி.யைத் தடுக்கும் டிபோ சேர்மங்களும் இந்தச் சலிப்பில் கிடைத்தவைதான்.

ஒரு வினோதமும் உண்டு. சைக்லாம் என்ற பொருளின் ஒரு மாதிரி எச்.ஐ.வி.யைத் தடுத்தது. ஆராய்ந்தால், தடுத்தது அதில் கலந்திருந்த மாசு. அந்த வழியே உருவான பிளெரிக்ஸாஃபோர், வைரஸ் செல்லுக்குள் நுழைய உதவும் ஒரு வாயிலை அடைத்தது. ஆனால் வாய்வழி கொடுத்தால் உடலில் ஏறவில்லை. ஊசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்களின் ரத்தத்தில் வெள்ளணுக்கள் கூடியதைக் கவனித்தார்கள். எலும்பு மஜ்ஜையின் ஸ்டெம் செல்களையும் அது ரத்தத்துக்குள் வெளியேற்றியது. 2008-ல் அமெரிக்காவில் அது அனுமதி பெற்றது ஸ்டெம் செல் சேகரிப்புக்காக!

டெனோஃபோவிரும் நேரே வந்துவிடவில்லை. உரிமத்தை முதலில் வாங்கிய பிரிஸ்டல்-மையர்ஸ் ஆர்வம் இழந்தது. அங்கிருந்து கிலியட் நிறுவனத்துக்குப் போயிருந்த ஜான் மார்ட்டின் அதை வாங்கிக்கொண்டார். 1995-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வு கண்களைத் திறந்தது: எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸைச் செலுத்திய 24 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கிய குரங்குகளுக்குத் தொற்றே பற்றவில்லை. உடன்பிறப்பான அடெஃபோவிரோ சிறுநீரகத்தைப் பாதித்ததால் 1999-ல் எச்.ஐ.வி. மருந்தாக நிராகரிக்கப்பட்டு, குறைந்த அளவில் 2002-ல் ஹெபடைட்டிஸ்-பி மருந்தாகத் திரும்பி வந்தது.

குடலில் உறிஞ்சப்படும்படி மாற்றிய டெனோஃபோவிர், அமெரிக்காவில் 2001 அக்டோபரில் அனுமதி பெற்றது. தொற்றில்லாதவர்கள் முன்தடுப்பாக உட்கொள்ள, அது சேர்ந்த ட்ருவாடா என்ற கூட்டு மாத்திரை 2012 ஜூலை 16 அன்று அங்கீகாரம் பெற்றது. அதே நாளில் ஹோலி காலமானார்.

இந்தியக் காப்புரிமை அலுவலகம் 2009-ல் டெனோஃபோவிருக்கான கிலியட்டின் விண்ணப்பங்களை நிராகரித்தது. அதனால் மற்ற நிறுவனங்கள் இங்கே அதைத் தயாரிக்கத் தடை இல்லாமல் போனது. இன்று தமிழக அரசின் ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. சிகிச்சை) மையங்களில் தரப்படும் முதல்நிலை மாத்திரையில் லாமிவுடின், டோலுடெக்ராவிரோடு டெனோஃபோவிரும் இருக்கிறது. சிறுநீரகக் கவலை இன்னும் முழுதாக விலகவில்லை. டெனோஃபோவிர் எடுப்பவர்களின் ரத்தத்தில் கிரியாட்டினின் அளவை மருத்துவர்கள் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்கள்.